முதலில் இருக்கை, அப்புறம்தான் பனி

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் என்னைப் பற்றி ஒரு பக்கம் வந்தது. அதைப் படித்துவிட்டு நீங்கள் எழுதிய கடிதங்களை ஆசிரியர் ஒரு பெரிய உறையில் போட்டு அனுப்பினார். எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். சிலவற்றைப் படித்துவிட்டு அன்றைக்கு வேறு வேலை பார்க்க முடியவில்லை. கட்டுரையைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்: 2013-இல், எனக்கு 24 வயதில், சிங்கப்பூரில் வேலை முடிந்து துவாஸிலிருந்து வீடு திரும்பும்போது தீவு விரைவுச்சாலையில் மோட்டார்சைக்கிளிலிருந்து விழுந்தேன். முதுகுத்தண்டில் டி11 என்ற இடத்தில் முழுக் காயம். தொப்புளுக்குச் சற்றுக் கீழிருந்து உணர்வும் அசைவும் இல்லை. இன்று சக்கர நாற்காலியில் இருந்து சம்பளக் கணக்கு எழுதுகிறேன். ஆண்டில் சில வாரங்கள் பனிமலையில், உட்கார்ந்தபடி சறுக்கும் பந்தயங்களுக்குப் போகிறேன். பாராலிம்பிக்குக்கு நான் போனதில்லை. போவதற்கான வழியில் எங்கோ இருக்கிறேன்.

“என் மகனுக்கு 22 வயது. நான்கு மாதத்துக்கு முன் மோட்டார்சைக்கிள் விபத்து. இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. மறுவாழ்வுப் பிரிவில் சுவரைப் பார்த்தபடியே படுத்திருக்கிறான். உங்கள் படத்தைக் காட்டினேன், கைப்பேசியைத் தள்ளிவிட்டான். அவனை இந்த விளையாட்டில் எப்படிச் சேர்ப்பது, மகளே?”
– ஒரு தாயார், அங் மோ கியோ

அம்மா, இப்போதைக்கு என் படத்தைக் காட்ட வேண்டாம்.

நான் படுத்திருந்த நாலாவது மாதத்தில் என் மாமா ஒரு காணொளி கொண்டுவந்தார். கால் இல்லாத ஒருவர் மலை ஏறுகிறார். மாமா நல்ல மனதோடுதான் காட்டினார். எனக்கோ அது, “நீ இனி நடக்கமாட்டாய், இப்போதே ஒத்துக்கொள்” என்று சொல்வதுபோல் இருந்தது. எவ்வளவு உணர்வு திரும்பும், எது திரும்பாது என்று மருத்துவர்களாலேயே உறுதியாகச் சொல்ல முடியாத மாதங்கள் அவை. காலையில் கண் விழித்ததும் பெருவிரலை அசைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் வேறொரு வாழ்க்கையின் படத்தை நீட்டினால் அவன் தள்ளத்தான் செய்வான். உங்கள் மகன் உங்களைத் தள்ளவில்லை, அம்மா.

அந்த நாளில் எனக்கு என்ன வேண்டியிருந்தது தெரியுமா? இரண்டு தாதியர் தூக்காமல் நானே கட்டிலில் இருந்து நாற்காலிக்கு மாற வேண்டும். அவ்வளவுதான். ஒரு வழவழப்பான பலகையை இடையில் வைத்து, கையை ஊன்றி, இடுப்பை நகர்த்தி நகர்த்திப் போக வேண்டும். ஒன்பதாவது நாள் யாரும் தொடாமல் போய்ச் சேர்ந்தேன். பனிமலையில் பிற்பாடு எத்தனையோ நல்ல நாள் வந்திருக்கிறது, அந்த நாளுக்கு ஈடாக ஒன்றையும் என்னால் சொல்ல முடியவில்லை. உங்கள் மகனும் இப்படி ஏதோ ஒரு சின்னக் காரியத்தைத்தான் மனதில் வைத்திருப்பான். அது என்ன என்று அவனிடமே கேளுங்கள். பல் துலக்குவதாக இருக்கலாம். கீழே கோப்பிக்கடைக்குப் போவதாக இருக்கலாம். அதற்குத் துணை நில்லுங்கள்.

இன்னொன்று. மருத்துவமனையின் சமூக ஊழியரிடம், இதே காயத்தோடு பல ஆண்டு வாழ்ந்தவர் யாராவது வந்து பார்ப்பாரா என்று கேளுங்கள். எனக்கு அப்படி ஒருவர் வந்தார், ஐம்பது வயது மதிக்கத்தக்க சீனர். வியாழக்கிழமை தோறும் வருவார். ஊக்கப் பேச்சு எதுவும் கிடையாது. தன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஆரஞ்சு உரித்துத் தின்பார். நடைபாதை விளிம்பில் முன் சக்கரத்தைத் தூக்கி எப்படி ஏறுவது என்று காட்டுவார். அவர் போன பிறகு அந்த ஆரஞ்சு வாசனை வார்டில் இருக்கும். ஒரு மனிதர் தன் வாழ்க்கைக்கு நடுவில் நேரம் ஒதுக்கி இங்கே வந்து போகிறார் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

ஜப்பானின் தாய்க்கி மொரியி என்ற வீரரைப் பற்றிச் சொல்வார்கள். மோட்டார்சைக்கிள் விபத்தில் முதுகுத்தண்டு காயப்பட்டு மருத்துவமனையில் கிடந்தபோது, 1998 நாகானோ பாராலிம்பிக்கைத் தொலைக்காட்சியில் பார்த்து இந்த விளையாட்டுக்கு வந்தவர் அவர். 2006-இல் தூரினில் வெள்ளி வாங்கினார், 2022 பெய்ஜிங்கிலும் பதக்கம் வாங்கினார். உண்மைக் கதைதான். ஆனால் எல்லாருக்கும் அந்த வேளை படுக்கையிலேயே வந்துவிடாது. எனக்கு நாலு வருடம் ஆனது.

நீங்கள் அவனைத் தூக்கும்போது உங்கள் முதுகைப் பார்த்துக்கொள்ளுங்கள், அம்மா. சரியாகத் தூக்கும் முறையை உடலியக்கச் சிகிச்சையாளரிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். என் அம்மா கற்றுக்கொள்ளவில்லை. இன்றைக்கு வரை இடுப்பு வலியோடு இருக்கிறார்.

“பனியே பெய்யாத ஊரில் இருந்துகொண்டு எப்படி ஆரம்பித்தீர்கள், அக்கா?”
– தம்பி ஒருவர், செங்காங் (இன்னும் ஐந்தாறு பேர் இதையே கேட்டிருக்கிறார்கள்)

முதல் இரண்டு வருடம் நீச்சல் குளம். அப்புறம் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் கையால் மிதிக்கும் சைக்கிள். தோளும் கையும் உருப்பட்டன. 2017-இல் நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச்சில் இருக்கும் பெரியப்பா மகன், “வந்து பத்து நாள் இரு” என்று கூப்பிட்டான். சாங்கியிலிருந்து நேராகப் பத்து மணி நேரம் விமானம். அங்கிருந்து வானாகாவுக்குக் காரில் போனோம். வானாகாவுக்குப் பக்கத்தில் கார்ட்ரோனா என்ற பனிச்சறுக்கு மலை. நம் ஜூன் விடுமுறை நேரத்தில்தான் அங்கே குளிர்காலம் தொடங்கும். உடற்குறை உள்ளவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க அங்கே தனியாக ஆட்கள் இருக்கிறார்கள்.

முதல் நாள் என்னை உட்கார வைத்தது பைஸ்கியில். இருக்கைக்கு அடியில் இரண்டு சறுக்குப் பலகைகள் இருக்கும். பின்னால் பயிற்சியாளர் பட்டையைப் பிடித்துக்கொண்டே வருவார். பெரும்பாலும் அவர்தான் ஓட்டினார். ஆனால் அன்றைக்கு எனக்கு ஒன்று புரிந்தது. சக்கர நாற்காலிக்காரர்களுக்குச் சரிவு என்றாலே பகை. ஏறும்போது தோளைத் தின்னும், இறங்கும்போது உள்ளங்கையை எரிக்கும். நாலு வருடமாக, எங்கே போனாலும் தரை எந்தப் பக்கம் சாய்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். அந்த மலையில் முதல் முறையாகச் சரிவு எனக்காக வேலை செய்தது. என்னை யாரும் தள்ளவில்லை, நானும் தள்ளவில்லை, போய்க்கொண்டே இருந்தேன். இரவு பெரியப்பா மகனிடம், “நாளைக்கும் போகலாமா?” என்று கேட்டேன். அவன் அதற்குள் பணம் கட்டிவிட்டு வந்திருந்தான்.

மறு ஆண்டு மோனோஸ்கிக்கு மாறினேன். பந்தயம் ஓடுவது இதில்தான். ஒற்றைப் பலகை, அதன்மேல் அதிர்வு தாங்கி, அதன்மேல் வாளிபோல் ஒரு இருக்கை. பக்கெட் என்றே சொல்வோம். கையில் இரண்டு அவுட்ரிகர், அதாவது முழங்கை ஊன்றுகோலின் நுனியில் குட்டிப் பலகை பொருத்தியது. பனியில் இறங்கத் துடித்துக்கொண்டு போன என்னைப் பயிற்சியாளர் ஒன்றரை நாள் அறையை விட்டு வெளியே விடவில்லை. இரவல் பக்கெட் எனக்கு இரண்டு விரல் அகலம் கூடுதல். இரு பக்கமும் நுரைப் பட்டை வெட்டி வைத்தார், பட்டியை இறுக்கினார், என்னைச் சாயச் சொன்னார், மறுபடியும் பிரித்தார், வெட்டினார். எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னதன் பொருள் இதுதான்: நடக்கிறவர்கள் காலால் பலகையோடு பேசுகிறார்கள், உனக்கு இடுப்புதான் கால். இடுப்பு இருக்கைக்குள் ஆடினால், நீ சொல்வது பலகைக்குக் கேட்காது.

யார் என்னிடம் யோசனை கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்கிறேன். துணிச்சல், உடல் பலம், பணம் எல்லாம் அப்புறம். முதலில் இருக்கை. வீட்டில் நாள் முழுதும் உட்காரும் நாற்காலிக்கும் இதே கதைதான். பொருந்தாத நாற்காலியில் பத்து மணி நேரம் உட்கார்ந்தவர் எந்த விளையாட்டுக்கும் மிச்சமிருக்கமாட்டார்.

சரி, ஊர் திரும்பினால் பனிக்கு எங்கே போவது? ஜூரோங் ஈஸ்ட்டில் 2000-ஆம் ஆண்டு திறந்த ஸ்னோ சிட்டி குளிரைப் பழக உதவும், பந்தயம் பழகும் அளவு சரிவு அங்கே இல்லை. எனக்குப் பயிற்சிக் களமானது எங்கள் அடுக்குமாடி புளோக்கின் திறந்த கீழ்த்தளம். காலை ஆறு மணிக்கு அங்கே யாரும் இருக்கமாட்டார்கள். வரிசையாகத் தூண்கள். தூணுக்குத் தூண் வலம் இடமாக நாற்காலியை வளைத்து ஓட்டுவேன். ஸ்லாலம் பந்தயத்தில் கொடிக் கம்பங்களுக்கு இடையில் திரும்புவதும் இதே போலத்தான். முன்னால் இருக்கும் தூணைப் பார்த்தால் அதிலேயே மோதுவோம், அதற்கு அடுத்த தூணைப் பார்க்க வேண்டும். கண்ணும் தலையும் முன்னே போனால் உடம்பு பின்னே வரும். அதை இரண்டு வருடம் தூண்களிடம்தான் கற்றேன். சதுரங்கம் ஆட வரும் தாத்தாக்கள் எனக்காகத் தங்கள் நாற்காலிகளை நகர்த்திவைப்பார்கள். கொரோனா காலத்தில் எல்லைகள் மூடி இரண்டு பனிக்காலம் கையை விட்டுப் போனது. அப்போதும் அந்தக் கீழ்த்தளம் இருந்தது.

2023-இல் முதல் பந்தயம், ஜயன்ட் ஸ்லாலம், அதாவது கம்பங்கள் இன்னும் தள்ளித் தள்ளி இருக்கும் ஸ்லாலம். மூன்றாவது கம்பத்தில் விழுந்தேன், ஆட்டம் முடிந்தது. மறுநாள் இரண்டு சுற்றும் முடித்தேன், கடைசியாக வந்தேன். பெயருக்கு எதிரே நேரம் அச்சாகியிருந்த தாளை அப்பா சட்டமிட்டு வைத்திருக்கிறார்.

“உட்கார்ந்துகொண்டு எப்படித் திரும்புகிறீர்கள்? மலை உச்சிக்கு எப்படிப் போகிறீர்கள்?”
– வாசகர், உட்லண்ட்ஸ்

திரும்ப வேண்டிய பக்கம் தலையும் தோளும் சாயும், பக்கெட் சாயும், பலகையின் விளிம்பு பனியைக் கடிக்கும். விளிம்பு கடித்தால் பலகை தானாக வளைந்து போகும். உள்பக்க அவுட்ரிகர் பனியைத் தடவிக்கொண்டே வரும். அதன்மேல் எடையைப் போடக்கூடாது. புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் பயத்தில் போடுவார்கள், நானும் போட்டேன். தோள் வலிதான் மிச்சம்.

தோளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். விழும்போது கையை ஊன்றத் தோன்றும். ஊன்றக்கூடாது. இரண்டு கையையும் மார்போடு அணைத்துக்கொண்டு விழ வேண்டும். நமக்கு நடப்பதும் தோளால், குளியலறைக்குப் போவதும் தோளால். அது போனால் பனி மட்டும் போகாது, வீட்டுக்குள்ளேயே முடங்கிவிடுவோம். அதனால் முதல் வாரம் முழுக்க விழவும் எழவும்தான் சொல்லித்தந்தார்கள். எழும்போது பலகை சரிவுக்குக் குறுக்கே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாதி எழும்போதே ஓட ஆரம்பித்துவிடும்.

உச்சிக்குப் போவது எல்லாரும் போகும் சேர்லிஃப்ட்டில்தான். மோனோஸ்கியில் ஒரு நெம்புகோல் இருக்கிறது. அதை இயக்கினால் பக்கெட் உயர்ந்து நிற்கும். அடியில் இடைவெளி வரும், பின்னாலிருந்து வரும் லிஃப்ட் நாற்காலி அந்த இடைவெளிக்குள் நுழைந்து என்னை ஏந்திக்கொள்ளும். முதல் தடவை ஊழியர் லிஃப்ட்டின் வேகத்தைக் குறைத்துக் கொடுப்பார். வெட்கப்படாமல் கேட்டு வாங்க வேண்டும்.

“தொலைக்காட்சியில் பார்த்தேன். பின்னால் வந்தவரை முதலிடம் என்கிறார்கள். இந்தக் கணக்கு நியாயமா?”
– ஓய்வுபெற்ற ஆசிரியர், புக்கிட் பாத்தோக்

நியாயம்தான், ஐயா. பாரா ஆல்பைன் பந்தயத்தில் மூன்று பிரிவு: நின்று சறுக்குபவர்கள், உட்கார்ந்து சறுக்குபவர்கள், பார்வைக் குறை உள்ளவர்கள். உட்காருபவர்களுக்குள்ளேயும் உடம்பின் நிலை ஒன்றல்ல. வயிற்றுத் தசை வேலை செய்யாதவர் எல்டபிள்யூ10 என்ற வகுப்பு. வயிற்றுத் தசை ஓரளவு இருந்து இடுப்பு வேலை செய்யாதவர் எல்டபிள்யூ11. உடம்பின் மேற்பகுதி நன்றாக இருந்து காலில் மட்டும் குறை உள்ளவர் எல்டபிள்யூ12. நான் 11. இதை முடிவு செய்ய ஒரு குழு இருக்கிறது. பலகையில் உட்காரவைத்துச் சாய்த்து, எவ்வளவு தூரம் உடம்பைப் பிடித்து நிறுத்துகிறேன் என்று பார்த்தார்கள். பிறகு பந்தயத்திலும் கவனித்தார்கள்.

ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு பெருக்கெண் உண்டு. வந்த நேரத்தை அதனால் பெருக்குவார்கள். புரிவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு: ஒருவருக்குப் பெருக்கெண் 0.8, அவர் வந்தது 60 விநாடி என்றால் கணக்கில் 48. இன்னொருவருக்கு 0.9, வந்தது 55 விநாடி என்றால் 49.5. பின்னால் வந்தவர் முதலிடம்.

குழு என்னைச் சோதித்த அரை மணி நேரம் எனக்குக் கஷ்டமாக இருந்தது, ஐயா. என்ன முடியும் என்று காட்டத்தான் இத்தனை வருடம் உழைத்திருந்தேன். அங்கே போய், என்ன முடியாது என்று அளக்கக் கொடுக்க வேண்டும். ஆனால் அந்த அளவு இல்லாவிட்டால், என்னைவிடப் பெரிய காயம் உள்ளவர் எந்நாளும் மேடை ஏற முடியாது. ஜப்பானின் மொமோக்கா முராவோக்கா எல்டபிள்யூ10 வகுப்புக்காரர். 2022 பெய்ஜிங்கில் மூன்று தங்கம் வாங்கினார். அதற்கு முந்தைய ஆண்டு தோக்கியோ பாராலிம்பிக்கில் சக்கர நாற்காலி ஓட்டப் பந்தயத்திலும் இறங்கியவர் அவர். அவர் திரும்பும் விதத்தை மெதுவாக ஓடவிட்டு எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை.

“எனக்கு டி5. குளிர், சிறுநீர், தோல் பற்றி யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. நீங்கள் மலையில் எப்படிச் சமாளிக்கிறீர்கள், அக்கா? என் பெயரைப் போட வேண்டாம்.”
– பொங்கோல்

இந்தக் கடிதத்துக்கு நன்றி, தங்கச்சி. உறையிலிருந்து முதலில் எடுத்து வைத்தது இதைத்தான்.

தோல். 2018-இல் மூன்றாவது வாரம், உள்சட்டை பின்பக்கம் ஒரு மடிப்பாகச் சுருங்கி இருந்தது. எனக்குத் தெரியவில்லை. தெரியவும் முடியாது. அன்று இரவு வால் எலும்பின் மேல் ஐம்பது காசு அளவில் ஓர் அடையாளம். காலையில் போய்விடும் என்று நினைத்து மறுநாளும் பனிக்குப் போனேன். அதுதான் தப்பு. ஊர் திரும்பி ஏழு வாரம் குப்புறவும் பக்கவாட்டிலும் படுத்தே கிடந்தேன். அன்றிலிருந்து ஒரு விதி: உடைக்குள் மடிப்பு இருக்கிறதா என்று இன்னொருவர் கையால் தடவிப் பார்க்காமல் பக்கெட்டில் உட்காரமாட்டேன். லிஃப்ட்டில் போகும் ஒவ்வொரு முறையும் முன்னால் சாய்ந்து எடையை இறக்குவேன். இரவில் கைப்பேசிக் கேமராவால் பார்ப்பேன். முக்கியமான ஒன்று, புத்தகங்களில் “சிவந்திருக்கிறதா பாருங்கள்” என்று போட்டிருக்கும். நம் கறுத்த தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. தொட்டுப் பாருங்கள். சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ, கெட்டியாகவோ, தொளதொளப்பாகவோ இருந்தால் அன்றைக்கு உட்காரக்கூடாது.

குளிர். காயத்துக்குக் கீழே உடம்பு நடுங்காது, ரத்தக்குழாய் தானாகச் சுருங்காது. சூடும் காக்காது, குளிருகிறது என்று சொல்லவும் சொல்லாது. மூன்று இறக்கத்துக்கு ஒரு முறை உள்ளே போய்க் காலணியைக் கழற்றிப் பாதத்தைக் கையால் தொட்டுப் பார்ப்பேன். ஒரு அளவு பெரிய காலணி, இறுக்கமில்லாத காலுறை. சூடுதரும் பைகளைக் காலில் வைக்கவே வேண்டாம். உணர்வில்லாத தோல் வெந்துபோகும். காரில் ஹீட்டர் காற்று பாதத்தில் படுவதும் அப்படித்தான்.

சிறுநீர். குளிரில் சிறுநீர் அதிகம் சுரக்கும். மலையில் கழிப்பறை தூரம் என்று தண்ணீர் குடிக்காமல் இருக்கத் தோன்றும். முதல் ஆண்டு அப்படி இருந்து தொற்று வந்து காய்ச்சலில் படுத்தேன். இப்போது நன்றாகக் குடிக்கிறேன். கடிகாரம் வைத்து, உடை மாட்டும் முன், பதினோரு மணிக்கு, சாப்பாட்டுக்குப் பின், முடிந்ததும் என்று குழாய் விட்டு எடுத்துவிடுகிறேன். பக்கவாட்டில் முழு நீளத்துக்கும் ஜிப் வைத்த கால்சட்டை வாங்கு. பெண்களுக்கு அது பாதிச் சுமையைக் குறைக்கும். நீளமான குழாயும் ஒரு பையும் இருந்தால் நாற்காலியை விட்டு இறங்காமலே முடித்துவிடலாம்.

உனக்கு டி5 என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன். முதுகுத்தண்டில் டி6-இலோ அதற்கு மேலேயோ (எண் சிறிதானால் காயம் மேலே) காயம் உள்ளவர்களுக்கு, சிறுநீர்ப்பை நிரம்பினாலோ, பட்டி இறுக்கினாலோ, காலணிக்குள் விரல் மடங்கினாலோ ரத்த அழுத்தம் திடீரென்று ஏறும். தலை இடிக்கும், முகமும் கழுத்தும் வியர்க்கும். அது உயிருக்கே ஆபத்து. உடனே நிமிர்ந்து உட்கார்ந்து, பட்டிகளைத் தளர்த்தி, காரணத்தைத் தேடி நீக்க வேண்டும், அடங்காவிட்டால் மருத்துவ உதவி. உன் பயிற்சியாளருக்கு இது தெரியுமா என்று முதல் நாளே கேள். சில வீரர்கள் பந்தயத்தில் வேகம் கூட வேண்டும் என்று இந்த நிலையை வேண்டுமென்றே வரவழைத்ததும் உண்டு. பாராலிம்பிக் குழு அதைத் தடை செய்திருக்கிறது. யாராவது உன்னிடம் அதைச் சொல்லித்தர வந்தால் அந்த இடத்தை விட்டே போய்விடு.

எலும்பும் நமக்கு மெலிந்திருக்கும். எனக்குத் தெரிந்த ஒருவருக்குத் தொடை எலும்பு முறிந்ததே இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. வலி இல்லை, வீக்கமும் வழக்கத்தைவிட அதிகமான தசை இழுப்பும்தான் காட்டிக்கொடுத்தன. பெரிதாக விழுந்த நாளில் இரண்டு காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். மலைக்குப் போகும் முன் உன் மருத்துவரிடம் எலும்பு அடர்த்திச் சோதனை கேள்.

கேட்க வெட்கமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். உனக்கு எப்போது வேண்டுமானாலும் ஆசிரியர் வழியாக எழுது.

“எவ்வளவு செலவாகும்? உண்மையைச் சொல்லுங்கள்.”
– வாசகர், தெம்பனிஸ்

நிறைய. புது மோனோஸ்கி பத்தாயிரம் வெள்ளியைத் தாண்டும். நான் 4,000 வெள்ளிக்குப் பழையது வாங்கினேன், பக்கெட்டை மட்டும் எனக்காகச் செய்துகொண்டேன். விமானம், தங்குமிடம், பயிற்சியாளர் எல்லாம் அதற்கு மேலே. கார் வைத்துக்கொள்ளவில்லை, வேறு ஊருக்கு விடுமுறை போவதில்லை. அம்மா வளையலை விற்றுத் தருகிறேன் என்று கொண்டுவந்து வைத்தார், வாங்கவில்லை. யாரும் வாங்காதீர்கள். கற்றுக்கொள்ளும் மட்டும் எதுவும் சொந்தமாக வேண்டாம். கார்ட்ரோனாவிலும், அமெரிக்காவில் 1970 முதல் உடற்குறை உள்ளவர்களுக்குச் சறுக்கக் கற்றுத்தரும் கொலராடோவின் வின்டர் பார்க்கிலும் பாடத்தோடு கருவியையும் தருகிறார்கள். குறைந்தது மூன்று வேறு வேறு பக்கெட்டில் உட்கார்ந்து பார்க்காமல் காசை எடுக்கக்கூடாது.

கருவியை விமானத்தில் அனுப்பும் முன்னும், இறங்கி எடுத்த பின்னும் படம் பிடித்து வையுங்கள். ஒரு முறை என் அவுட்ரிகர் வளைந்து வந்து சேர்ந்தது. ஈடு கிடைக்க எட்டு மாதம் கடிதம் எழுதினேன். அந்தப் படம்தான் கைகொடுத்தது.

இங்கேயே செலவில்லாமல் தொடங்க வேண்டுமா? உடற்குறை உள்ளவர்களின் விளையாட்டுக்காக 1973-இலிருந்து நம் ஊரில் ஒரு மன்றம் இருக்கிறது. நீச்சல், சக்கர நாற்காலி ஓட்டம், பளுதூக்கல் என்று எதில் வேண்டுமானாலும் இறங்குங்கள். பனிக்கு வேண்டிய தோளும் நிதானமும் அங்கேயே கிடைக்கும்.

“எனக்குத் தெரிந்த வைத்தியர் ஒருவர் மறுபடியும் நடக்க வைக்கிறாராம். விலாசம் அனுப்பட்டுமா, மகளே?”
– பெரியவர், தேக்கா

அக்கறைக்கு நன்றி, ஐயா. வேண்டாம். விபத்து நடந்த முதல் மூன்று வருடத்தில் இதுபோல நான்கு இடத்துக்கு அப்பா என்னைக் கூட்டிப் போனார். ஒரு இடத்தில் சூடான எண்ணெய் ஒத்தடத்தில் என் குதிகால் வெந்தது. அப்பா அதை இன்றைக்கும் நினைத்து வருந்துகிறார். அதனால்தான் இதைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன். என் பெயரில் அர்ச்சனை செய்ய விரும்பினால் செய்யுங்கள், சந்தோஷம்.

“அக்கா, நான் தொடக்கநிலை 5 படிக்கிறேன். எவ்வளவு வேகமாகப் போவீர்கள்? பயமாக இருக்காதா? பனிக்குச் சத்தம் உண்டா?”
– மாணவி, ஈசூன்

கண்ணு, உலகத்தின் சிறந்த வீரர்கள் டவுன்ஹில் என்ற, அதிகம் திரும்பாமல் வேகமாக இறங்கும் பந்தயத்தில் உட்கார்ந்தபடியே மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் போவார்கள். நம் விரைவுச்சாலையில் கார் போவதைவிட வேகம். நான் அதில் பாதிதான். ஜயன்ட் ஸ்லாலத்தில் கம்பங்கள் நடுவே திரும்பித் திரும்பிப் போவதால் அவ்வளவு வேகம் எடுக்க முடியாது.

பயம் இருக்கும். தொடங்கும் இடத்தில் நிற்கும்போது வாய் காய்ந்துவிடும். அப்போது நான் முதல் கம்பத்தைப் பார்க்கமாட்டேன், எங்கள் புளோக் தூண் மாதிரி இரண்டாவதைப் பார்ப்பேன்.

நீ கேட்ட மூன்றாவது கேள்வியை இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. உண்டு. புதுப்பனி விழுந்த காலையில் ஒன்றுமே கேட்காது, பக்கத்தில் நிற்பவர் பேசினாலும் பஞ்சுக்குள் இருந்து பேசுவதுபோல் இருக்கும். பந்தயப் பாதையில் பனி கல் மாதிரி இறுகியிருக்கும். விளிம்பு அதில் கடிக்கும்போது, உன் அம்மா தேங்காய் துருவுவாரே, அந்தச் சத்தம் வரும். சரியாகத் திரும்பினால் அது விடாமல் ஒரே சீராக வரும். தப்பாகத் திரும்பினால் விட்டு விட்டுக் கேட்கும். எனக்குக் கால் சொல்லாததை அந்தச் சத்தம் சொல்லிவிடும். அதனால் தலைக்கவசத்தைக் காதோடு இறுக்கமாகப் போடமாட்டேன், கேட்கும் அளவுக்கு இடம் விட்டுத்தான் போடுவேன்.